எக்கோவா, கதீற்றரா? நுரையீரல் பிரஷர் பற்றி எங்கள் கிளினிக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு தாதிய உத்தியோகத்தர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், கதீற்றர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு அளக்கும் கூடத்தில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டு, இப்போது வன்னியில் இதயக் கிளினிக்கில் இருக்கிறேன். கிளினிக் நாட்களில் காலை ஆறு மணிக்கே விறாந்தை வாங்குகள் நிரம்பிவிடும். மல்லாவியில் இருந்தும் ஒட்டுசுட்டானில் இருந்தும் முதல் பஸ்ஸில் வந்தவர்கள், எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கான்) ரிப்போர்ட்டை நீட்டி, "மிஸ், இதில என்ன போட்டிருக்கு எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்பார்கள்.

ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அநேகமாக அதே பத்துப் பதினைந்துதான். அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு என்ன வைத்தியம் என்பதை உங்கள் டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். அவர் சொல்வது விளங்குவதற்கு இது உதவும்.

"நுரையீரல் பிரஷர் எண்டா, கையில கட்டிப் பார்க்கிற பிரஷர்தானே?"

இல்லை. இதயத்தின் இடது பக்கம் உடம்பு முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுகிறது. கையில் கட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்துப் பிரஷர். வலது பக்கம் நுரையீரலுக்கு மட்டும் தள்ளுகிறது. அது மெல்லிய தசை, குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யப் பழகியது. கையில் 120 இருக்கும் ஒருவருக்கு நுரையீரல் நாடியில் சராசரி அழுத்தம் ஓய்வில் 14 அளவில்தான் இருக்கும் (இங்கே அழுத்தம் எல்லாம் மில்லிமீற்றர் இரசத்தில்). அந்தச் சராசரி 20 ஐத் தாண்டினால் நுரையீரல் உயர் அழுத்தம் என்கிறோம். முன்பு எல்லை 25 ஆக இருந்தது. 2018 இல் நடந்த உலக மாநாட்டில் குறைக்கச் சொன்னார்கள், 2022 ஐரோப்பிய வழிகாட்டி அதை ஏற்றுக்கொண்டது. பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் ஒப்பிடும்போது இது நினைவில் இருக்கட்டும்.

கைப் பிரஷர் நல்லாக இருந்தும் நுரையீரல் பிரஷர் கூடலாம். கிணற்றடியில் இருந்து குடத்தைத் தூக்கிவர மூச்சு வாங்குவது, பின்னேரத்தில் கால் வீங்குவது, வேலை செய்யும்போது தலைசுற்றி விழுவது போன்றவைதான் அதன் அடையாளங்கள். இவற்றைப் பலர் வயது என்றும் முட்டு என்றும் சொல்லி வருடக்கணக்காகக் கடத்திவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய கவலை.

"எக்கோவில ஜெல் பூசி நெஞ்சில உருட்டினவை. அதில எப்பிடிப் பிரஷர் தெரியும்?"

நேரடியாகத் தெரியாது, கணக்குப் போட்டு எடுக்கிறார்கள். வலது பக்கத்தில், இரத்தத்தைத் தள்ளும் இதயவறைக்கும் இரத்தம் வந்து சேரும் மேலறையான சோணைக்கும் நடுவே முக்கூர் வால்வு இருக்கிறது. அநேகமான ஆட்களுக்கு அந்த வால்வு கொஞ்சம் ஒழுகும், அதில் குற்றமில்லை. அந்த ஒழுக்கு எவ்வளவு வேகமாகப் பின்னால் பாய்கிறது என்பதை எக்கோவில் உள்ள டொப்ளர் என்ற முறை அளக்கிறது. உள்ளே அழுத்தம் கூடினால் வேகமும் கூடும்.

குளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிது இல்லை. துருசால் தண்ணீர் பாயும் வேகத்தைப் பார்த்தே, குளத்தில் எவ்வளவு நிற்கிறது என்று அனுபவமுள்ள கமக்காரர் மட்டுக்கட்டிவிடுவார். எக்கோ செய்வதும் அதே வேலை. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, பிறகு 4 ஆல் பெருக்குவார்கள். செக்கனுக்கு 3.2 மீற்றர் என்றால் 41 வரும். அதோடு சோணைக்குள் உள்ள அழுத்தத்தைக் கூட்டுவார்கள். அதையும் அளப்பதில்லை. வயிற்றில் இருந்து வரும் பெரிய நாளம் எவ்வளவு பருத்திருக்கிறது, மூச்சை இழுக்கும்போது சுருங்குகிறதா என்று பார்த்து 3, 8 அல்லது 15 என்று போடுவார்கள். 8 என்று போட்டால் மொத்தம் 49.

"எனக்கு 49 எண்டு கிடக்கு. நீங்கள் 20 எண்டு சொல்லுறியள். அப்ப ரெண்டு மடங்குக்கு மேலயோ?"

பயப்பட வேண்டாம். இவை இரண்டு வேறு அளவுகள். எக்கோ சொல்லும் 49, இதயம் சுருங்கும் நேரத்து உச்ச அழுத்தம். 20 என்ற எல்லை சராசரி அழுத்தத்துக்கு. உச்சத்தை 0.61 ஆல் பெருக்கி 2 ஐக் கூட்டினால் சராசரி கிட்டத்தட்ட வரும் என்று ஒரு வாய்பாடு இருக்கிறது. அதன்படி 49 என்பது 32 அளவு. கூடத்தான், ஆனால் இரண்டு மடங்குக்கு மேல் இல்லை. அந்த 49 ஏ எவ்வளவு நிச்சயம் என்பதைக் கீழே பாருங்கள்.

"குழாய் விடுறது எண்டா அஞ்சியோதானே? அயலட்டை எல்லாம் அப்பிடித்தான் சொல்லினம்."

அஞ்சியோகிராமில் நாடி வழியாக இடது பக்கம் போய், சாயம் விட்டு, இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நுரையீரல் பிரஷருக்குச் செய்வது வலது பக்கக் கதீற்றர். கழுத்து, தொடை அல்லது கையில் உள்ள நாளம் வழியாகப் போவார்கள். அந்த இடத்தை மட்டும் விறைக்க வைக்க ஊசி போடுவார்கள், நீங்கள் விழித்தபடிதான் படுத்திருப்பீர்கள். அளப்பதற்குச் சாயமும் வழக்கமாகத் தேவையில்லை.

குழாயின் நுனியில் ஒரு சிறு பலூன் இருக்கிறது. இரத்த ஓட்டமே அதை முன்னுக்கு இழுத்துக்கொண்டு போகும். சுவான், கான்ஸ் என்ற இரண்டு வைத்தியர்கள் 1970 இல் வெளியிட்ட முறை இது. கூடத்தில் வேலை செய்த காலத்தில் நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சோணையில் இருக்கும்போது கோடு சின்னச் சின்ன அலையாக ஓடும். வால்வைத் தாண்டியதும் திடீரென்று மலை மாதிரி எழும்பும். நுரையீரல் நாடிக்குள் போனதும் மலையின் உச்சி அப்படியே நிற்க, அடிவாரம் மட்டும் மேலே ஏறும். பிறகு நுனி ஒரு சிறு கிளைக்குள் போய் பலூன் அடைத்ததும் கோடு பதிந்துவிடும். அங்கே தெரிவது, நுரையீரலுக்கு அப்பால் உள்ள இடது சோணையின் அழுத்தம். ஆப்பு மாதிரி அடைத்து எடுப்பதால் இதை ஆப்பு அழுத்தம் என்பார்கள். இந்தச் சொல்லை மறக்க வேண்டாம். கதையின் மையமே இதுதான்.

இதயத்துக்குள் குழாய் போவதா என்று நடுங்குகிறவர்களுக்கு நான் ஒரு கதை சொல்வேன். 1929 இல் ஜெர்மனியில் போர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர், தன் கை நாளத்தால் தன் இதயத்துக்கே குழாயை விட்டுக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்குப் போய்ப் படம் எடுத்துக் காட்டினார். 1956 இல் வேறு இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

"எக்கோவுக்கும் குழாய்க்கும் எவ்வளவு வித்தியாசம் வரும்?"

அமெரிக்காவில் 65 நோயாளிகளுக்கு எக்கோவையும் கதீற்றரையும் நெருங்கிய இடைவெளியில் செய்து பார்த்து 2009 இல் வெளியிட்டார்கள். எல்லாரையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் வித்தியாசம் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் ஆளாளாகப் பார்த்தபோது 48 வீதமானோருக்கு 10 க்கு மேல் பிழைத்திருந்தது. சிலருக்குக் கூட்டியும் சிலருக்குக் குறைத்தும் காட்டியதால், சராசரியில் அது மறைந்துவிட்டது. உங்களுக்குத் தேவை உங்கள் எண், ஊரின் சராசரி இல்லை.

2011 இல் பல ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கணக்கு வந்தது. உண்மையில் இந்த வருத்தம் உள்ள 100 பேரில் எக்கோ 83 பேரைப் பிடிக்கிறது, 17 பேரை விட்டுவிடுகிறது. வருத்தம் இல்லாத 100 பேரில் 28 பேருக்கு இருக்கிறது என்று காட்டிவிடுகிறது. நுரையீரல் ஏற்கெனவே பழுதானவர்களிடம் நிலைமை இன்னும் மோசம். 2003 இல் நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருந்த 374 பேரைப் பார்த்தபோது, 44 வீதமானோருக்குத்தான் எக்கோவில் பிரஷரையே கணக்கிட முடிந்தது. கணக்கிட்டதிலும் பாதிக்கு மேல் 10 க்கு மேற்பட்ட பிழை.

"அப்ப எக்கோ பொய்யோ? சும்மா காசும் நேரமும்தானோ?"

இந்தக் கேள்வி எனக்குக் கோபத்தையே வரவைக்கும். எக்கோ இல்லாவிட்டால் இந்த வருத்தத்தை நாங்கள் கண்டுபிடிக்கவே மாட்டோம். வலியில்லை, கதிர்வீச்சில்லை, கர்ப்பிணிக்கும் செய்யலாம், ஆறு மாதத்தில் திரும்பவும் செய்யலாம்.

எக்கோ பார்க்கிறவர் ஒரு எண்ணோடு நிற்பதில்லை. வலது அறை இடதை விடப் பருத்திருக்கிறதா? நடுச்சுவர் இடது பக்கமாகத் தள்ளப்பட்டு, வட்டமாக இருக்க வேண்டிய இடது அறை அரைவட்டமாகத் தெரிகிறதா? நுரையீரல் நாடி 25 மில்லிமீற்றரை விட அகன்றிருக்கிறதா? எண் பிழைத்தாலும் இவை காட்டிக்கொடுக்கும். 2022 வழிகாட்டியும் கூட்டிக் கழித்த பிரஷரை விட்டுவிட்டு, ஒழுக்கின் வேகத்தையும் இந்த அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. வேகம் 2.8 க்குள் இருந்து வேறு அடையாளமும் இல்லையென்றால் சாத்தியம் குறைவு. 3.4 ஐத் தாண்டினால் சாத்தியம் அதிகம். நடுவில் நிற்பவர்களுக்கு மற்ற அடையாளங்கள்தான் தீர்ப்பு.

இன்னொன்று, காரணத்தைப் பெரும்பாலும் முதலில் காட்டுவதும் எக்கோதான். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, மாதாந்தப் பெனிசிலின் ஊசி இடம்பெயர்ந்த காலத்தில் தவறிப்போய், இப்போது இதயத்தின் இடது பக்கத்து இருகூர் வால்வு ஒடுங்கிய நிலையில் வரும் பெண்களைக் கண்டிருக்கிறேன். அந்த வால்வைக் கதீற்றர் கண்ணால் பார்க்காது, எக்கோ பார்க்கும். இதயச் சுவரில் பிறவியிலேயே உள்ள ஓட்டையும் அப்படித்தான்.

"ஒரே மிசின்தானே, பிறகு எக்கோ ஏன் பிழைக்குது?"

ஒலிக்கற்றை ஒழுக்கின் நேர்கோட்டில் விழ வேண்டும். சாய்ந்தால் வேகம் குறைவாகத் தெரியும். உடம்பு பருத்தவர்களிலும், வருடக்கணக்கில் புகைத்து நுரையீரல் காற்றால் உப்பியவர்களிலும் படம் மங்கலாக வரும். மங்கிய விளிம்பை எங்கே என்று பிடிப்பது பார்க்கிறவரின் கையில் இருக்கிறது. அந்தச் சிறு வழுக்கல், வேகத்தை அதாலேயே பெருக்கும்போது பெரிதாகிவிடும். மேலே சொன்ன 3.2 ஐ எடுங்கள். அதையே ஒருவர் 2.9 என்று பிடித்தால் 34, இன்னொருவர் 3.5 என்று பிடித்தால் 49. சோணைக்கு 3 போட்டால் முதலாவது 37. 15 போட்டால் இரண்டாவது 64. ஒரே ஆள், ஒரே நாள், 37 இல் இருந்து 64 வரை.

வால்வு மிக மோசமாக ஒழுகினாலும் இந்தக் கணக்கு சரிவராது. அப்புறம், முதல் நாள் நீர் போகும் குளிசை போட்டீர்களா, இரத்தம் குறைவாக இருக்கிறதா, காய்ச்சலா என்பதைப் பொறுத்து உண்மையான அழுத்தமே நாளுக்கு நாள் மாறும்.

"ஒழுக்கு இல்லை, அளக்கேலாது எண்டு எழுதியிருக்கு. அப்ப வருத்தம் இல்லைத்தானே?"

அப்படி அர்த்தம் இல்லை. அளக்க வழி கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். மூச்சு வாங்குவது தொடர்ந்தால், முன்பு சொன்ன மற்ற அடையாளங்கள் இருக்கின்றனவா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

"எனக்கு எக்கோவிலயும் குழாயிலயும் ஒரே மாதிரித்தான் வந்தது. அப்ப என்னத்துக்கு என்னை யாழ்ப்பாணம் மட்டும் அலைய விட்டவை?"

முள்ளியவளை ஐயா ஒருவர் கேட்டது இது. நியாயமான கேள்வி. கதீற்றர் என்றால் இன்னும் சரியான எண் என்று மட்டும் நினைத்தால், இரண்டும் ஒத்துப்போகும்போது அது வீண் அலைச்சல் போலத்தான் தெரியும். ஆனால் கதீற்றரின் பெறுமதி எக்கோவால் நம்பத்தகுந்தபடி தர முடியாத இன்னொரு எண்ணில் இருக்கிறது. அதுதான் ஆப்பு அழுத்தம்.

இரண்டு பேருக்கு நுரையீரல் நாடியில் சராசரி 40 என்று வைப்போம். இருவருக்கும் இதயம் நிமிடத்துக்கு 5 லீற்றர் இரத்தம் தள்ளுகிறது. முதலாமவருக்கு ஆப்பு அழுத்தம் 10. 40 இல் 10 ஐக் கழித்து 5 ஆல் பிரித்தால், நுரையீரல் நாடிகள் இரத்த ஓட்டத்துக்குக் கொடுக்கும் தடை 6. இரண்டாமவருக்கு ஆப்பு அழுத்தம் 28. அதே கணக்கில் தடை 2.4. இந்த அலகுக்கு வூட் என்று பெயர், 2 வரை சாதாரணம். முதலாமவருக்கு நுரையீரலின் சிறு நாடிகளே ஒடுங்கிவிட்டன. இரண்டாமவருக்குப் பிரச்சினை பெரும்பாலும் இடது பக்க இதயத்தில் இருக்கிறது.

வாய்க்காலில் தண்ணீர் ஏறி நிற்கிறது என்றால், வாய்க்காலே தூர்ந்து ஒடுங்கியிருக்கலாம். அல்லது கீழே வடிகால் அடைத்திருக்கலாம். மேலே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மட்டம்தான். ஒடுங்கியதென்றால் வாய்க்காலை வெட்டி அகலமாக்கலாம். வடிகால் அடைத்திருக்கும்போது மேலே அகலமாக்கினால் கீழ் வயல் தாண்டுபோகும். ஐயாவுக்கு ஆப்பு அழுத்தம் 9 என்று கொப்பியில் எழுதியிருந்தது. அந்த 9 க்காகத்தான் அவ்வளவு தூரம் போய் வந்தார்.

"அங்க போகாமல், எக்கோவை வச்சே சில்டெனாபில் குளிசையைத் தொடங்கினால் என்ன?"

மேலே சொன்ன வயலை நினையுங்கள். இடது பக்கம் அடைபட்டிருக்கும் ஒருவருக்குச் சில்டெனாபில் போல நுரையீரல் நாடிகளை விரிக்கும் மருந்து கொடுத்தால், இரத்தம் பெருகி வந்து நுரையீரலில் நீர் கட்டலாம். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைத்திரேற்று மருந்து பாவிப்பவர்கள் சில்டெனாபில் எடுத்தால் கைப் பிரஷர் ஆபத்தாக விழும். இந்தக் குளிசையைப் பக்கத்து வீட்டாரிடம் வாங்கிப் போட்டவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

மறுபக்கமும் இருக்கிறது. காரணம் தெரியாமல் வரும் வகையில், கதீற்றர் உள்ளே இருக்கும்போதே நாடிகளை விரிக்கும் நைத்திரிக் ஒக்சைட் வாயுவைச் சுவாசிக்க வைத்துப் பார்ப்பார்கள். சராசரி 10 ஆவது குறைந்து, 40 க்குள் இறங்கி, இதயம் தள்ளும் அளவும் குறையாமல் இருந்தால், நிபெடிபின் போன்ற மலிவான பழைய மருந்தைக் கூடிய அளவில் கொடுத்தே அவரை வருடக்கணக்கில் நன்றாக வைத்திருக்கக்கூடும். அப்படியானவர்கள் குறைவு. ஆனால் அந்தச் சிலரில் நீங்களும் ஒருவரா என்று எக்கோ ஒருநாளும் சொல்லாது.

"அப்ப எல்லாருக்கும் குழாய் விடத்தான் வேணுமோ? அப்பாவுக்கு 78 வயது, ஏற்கெனவே இதயம் பலவீனம்."

இல்லை. நுரையீரல் பிரஷர் கூடியவர்களில் பெரும்பாலானோருக்குக் காரணம் இடது பக்க இதயம், அடுத்தது நுரையீரல் நோய். காரணம் எக்கோவிலேயே தெளிவாகத் தெரிந்தால், அதற்கு வைத்தியம் செய்து, நீரைக் குறைத்து, உப்பைக் குறைத்துப் பார்ப்பதுதான் வழி. அப்பாவுக்குக் குழாய் விட்டாலும் மருந்து மாறாது என்றால் விடத் தேவையில்லை. "முடிவு எப்படி வந்தாலும் வைத்தியம் மாறுமா?" என்று டொக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

நுரையீரல் நாடிக்கான விசேட மருந்து தொடங்க முன், ஓட்டையை மூடலாமா என்று தீர்மானிக்க முன், பழைய இரத்தக் கட்டிகள் அடைத்து வந்த வகைக்குச் சத்திரசிகிச்சை செய்ய முன் கதீற்றர் அவசியம். ஓட்டை விஷயத்தில் தடையின் எண்தான் முடிவு சொல்லும். தடை மிகக் கூடிய பிறகு மூடினால், வலது இதயத்துக்கு இருந்த ஒரே வடிகாலையும் அடைத்ததாகிவிடும்.

"குழாய் விட்டால் உயிருக்கு ஆபத்தோ?"

அனுபவமுள்ள நிலையங்களில் செய்த 7218 கதீற்றர்களின் கணக்கு 2006 இல் வெளிவந்தது. பாரதூரமான சிக்கல் 1.1 வீதம், அதாவது நூறு பேரில் ஏறத்தாழ ஒருவர். இறந்தவர்கள் 4 பேர். பெரும்பாலான சிக்கல்கள் குழாய் நுழையும் நாளத்தில் இரத்தம் கட்டுவது, இதயத்துடிப்பு தடுமாறுவது, பிரஷர் விழுவது போன்றவை. வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் செய்யும் மருந்து எடுப்பவர்களும், கர்ப்பமாக இருப்பவர்களும், அப்படி ஒரு சந்தேகம் உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருந்தை நீங்களாக நிற்பாட்ட வேண்டாம்.

"குழாய் சொன்னால் அது சத்தியமோ? அதிலயும் பிழை வராதோ?"

வரும். அளக்கும் கருவியின் பூச்சிய மட்டம் நெஞ்சின் நடு உயரத்தில் இருக்க வேண்டும். அதைச் சரிபார்ப்பது எங்கள் வேலை, நான் இரண்டு முறை பார்ப்பேன். மேலே கீழே நகர்ந்தால் எல்லா எண்ணும் சேர்ந்து பிழைக்கும். மூச்சை விட்டு முடிக்கும் தறுவாயில் வாசிக்க வேண்டும். மூச்சு முட்டித் திணறும் ஆளில் கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பலூன் சரியாக அடைக்காவிட்டால் ஆப்பு அழுத்தம் கூடக் காட்டும், இடது பக்கத்தில் இல்லாத குற்றம் இருப்பது போலத் தெரியும். நீர் போகும் குளிசையை நிறையக் கொடுத்துவிட்டுக் கொண்டுபோனால், இருக்கும் குற்றமும் மறைந்துவிடும். அதனால்தான் சந்தேகம் இருந்தால் சேலைன் ஏற்றித் திரும்ப அளப்பார்கள். எக்கோவும் கதீற்றரும் முரண்பட்டால் கதீற்றரை நம்புவதுதான் வழக்கம். ஆனால் நல்ல டொக்டர் முதலில் இரண்டும் எந்த நிலையில் எடுக்கப்பட்டவை என்று பார்ப்பார்.

"குளிசை போட்டு ஒரு வருஷம். எக்கோவில 70 இல இருந்து 50 ஆக் குறைஞ்சிட்டுது. சுகம்தானே?"

பலருக்கு ஆம். ஆனால் எல்லாருக்கும் இல்லை. அழுத்தம் குறைய இரண்டு வழி இருக்கிறது. நாடிகள் விரிந்து தடை குறைந்திருக்கலாம். அல்லது வலது இதயம் களைத்து, தள்ள முடியாமல் போயிருக்கலாம். வாய்க்கால் திறந்தும் மட்டம் இறங்கும், மேலே இருந்து வரத்து குறைந்தும் இறங்கும். எக்கோவின் பிரஷர் எண் இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

அதனால் அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படவோ கவலைப்படவோ வேண்டாம். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், கால் வீக்கம் எப்படி, எக்கோவில் வலது அறையின் அசைவு எப்படி என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். நடை குறைந்து, எண்ணும் குறைந்திருந்தால் உடனே சொல்லுங்கள்.

"திகதி தந்திட்டினம். போகேக்க என்ன கொண்டுபோக வேணும்?"

யாழ்ப்பாணமோ கொழும்போ, எங்கே அனுப்பினாலும் கிளினிக் கொப்பியையும், கிடைத்த எல்லா எக்கோ ரிப்போர்ட்டுகளையும், போடும் குளிசைகளை அவற்றின் பெட்டிகளோடும் கொண்டுபோங்கள். சாப்பிடாமல் வர வேண்டுமா, காலைக் குளிசை போடலாமா என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பஸ் முறிகண்டியில் நிற்கும்போது கச்சான் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போய், அன்றைக்குச் செய்ய முடியாமல் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும்.

முடிந்ததும் நான்கு எண்களைக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்: சராசரி அழுத்தம், ஆப்பு அழுத்தம், இதயம் நிமிடத்துக்குத் தள்ளும் அளவு, தடை. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். திரும்பி இங்கே வரும்போது நான் முதலில் புரட்டித் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான்.